தோன்றா எழுவாய்

எங்கள் தெருமுனையில் ஒரு தகரப் பலகை நிற்கிறது. மஞ்சள் பூச்சில் கறுப்பு எழுத்து: ‘பணி நடைபெறுகிறது. தங்கள் சிரமத்திற்க்கு வருந்துகிறோம்.’ ஏழு மாதமாக நிற்கிறது. அதில் பணி நடைபெற்றது முதல் 11 நாள். ஜேசிபி வந்தது, தெருவின் ஓர் ஓரத்தை வாசற்படிகளோடு சேர்த்து வழித்தது, ஆளுயரப் பள்ளம் பறித்தது, போய்விட்டது. அதற்கப்புறம் அங்கே நடைபெறுவது எங்கள் நடை மட்டும்தான். பள்ளத்தின் குறுக்கே அவரவர் செலவில் போட்டுக்கொண்ட சென்ட்ரிங் பலகை மேல், ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் காம்பவுண்டுச் சுவர்.

நான் 31 வருஷமாகப் பிழை திருத்திப் பிழைப்பவன். வாரப் பத்திரிகை, நாவல், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் என் சிவப்பு மைக்கு ஒன்றுதான். அதனால் பள்ளம் என் கண்ணில் படுவதற்கு முன்னால் அந்த ‘க்’ பட்டது. ‘ற்’ பக்கத்தில் இன்னொரு மெய்யெழுத்து ஒட்டி நிற்காது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஒருநாள் இருட்டிய பிறகு போய் அந்தக் ‘க்’ மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன். இந்த ஊருக்கு நான் செய்த பொதுத்தொண்டு அதுவரைக்கும் அவ்வளவுதான்.

கோடு இழுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பெரிய பிழை உறைத்தது. வருந்துகிறோம் என்றால், யார்?

யார், எது, எவை என்று கேட்டால் வருகிற பதில் எழுவாய் என்று படித்திருக்கிறோம். தமிழில் எழுவாய் வெளியே தலைகாட்டாமலே வாக்கியம் நிற்கும். ‘வந்தேன்’ என்றால் நான். ‘வந்தாய்’ என்றால் நீ. வினைமுற்றின் வாலைப் பிடித்து இழுத்தால் ஆள் வெளியே வந்துவிடுவான். இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். தோன்றாதே ஒழிய, இருக்கும். பலகையிலும் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ‘ஓம்’ கையோடு வந்தது. ஆள் வரவில்லை. அந்த ‘ஓம்’ இருக்கிறதே, அது ‘நாங்கள்’ என்பதற்கும் வரும், ‘நாம்’ என்பதற்கும் வரும். கேட்கிறவனையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ‘நாம்’, இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. அப்படிப் படித்தால் பலகையில் பிழையே இல்லை. எங்கள் சிரமத்துக்கு நாங்களேதான் ஏழு மாதமாக வருந்திக்கொண்டிருக்கிறோம். வேறு யாரும் வருந்துவதாகத் தகவல் இல்லை.

பள்ளத்துக்கு அப்பன் யார் என்று தேடிப் போனேன். மழைநீர் வடிகாலுக்கு வெட்டியது என்றார் மளிகைக் கடைக்காரர். குடிநீர்க் குழாய் என்றார் இஸ்திரி போடுபவர். மின்சாரக் கேபிள் என்றது ஒரு வீடு, இணையக் கேபிள் என்றது இன்னொரு வீடு. ஓர் அலுவலகத்தில் என் கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், நகைக்கடையில் உரசிப் பார்ப்பவர் போல நிதானமாகத் தலையாட்டினார். “இது எங்க பள்ளம் இல்ல சார். நாங்க தோண்டினா இவ்ளோ ஆழம் போக மாட்டோம்.” அடுத்த அலுவலகத்தில், “எங்க பள்ளம்னா இன்னும் அகலமா இருக்குமே.” ஒவ்வொருவருக்கும் தம் பள்ளத்தின் சாமுத்திரிகா லட்சணம் தெரிந்திருக்கிறது. எங்கள் பள்ளத்தின் முகஜாடை மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை.

அன்றைக்குப் பிடித்த நோய் இது. எங்கே போனாலும் எழுவாயைத் தேடுகிறேன்.

வங்கிக்குப் போனால், “சர்வர் டவுன்.” நான் சிறுவனாக இருந்தபோது சர்வர் என்றால் கிளப்புக் கடையில் தோசை கொண்டுவருபவர். அவர் உள்ளே போய்த் திரும்பவில்லை என்றால் குரல் கொடுக்கலாம், முதலாளியிடம் சொல்லலாம், கடைசியில் எழுந்தாவது போய்விடலாம். இந்த சர்வருக்கு உருவம் இல்லை, ஊர் இல்லை. அவர் படுத்துக்கொண்டால் நாடே படுத்துக்கொள்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கிற எல்லாரும், சாமி வரம் தராததற்குப் பூசாரி என்ன செய்வார் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஆனால், கணக்கை முடக்கி வைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், எழுவாய் பளிச்சென்று வந்துவிடும். “நீங்கதான் கேஒய்சி அப்டேட் பண்ணல.” நீங்கள்தான்.

கடைக்குப் போனால் பத்து ரூபாய் நாணயம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும். கடைக்காரர் அதை விரல் நுனியில் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். “செல்லாதுன்னு சொல்றாங்க சார்.” யார் சொல்கிறார்கள்? “எல்லாரும்தான்.” 2016 நவம்பர் 8 அன்று இரவு 8 மணிக்கு ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி இரண்டு நோட்டுகள் செல்லாது என்றார். அந்த வாக்கியத்தில் எழுவாய் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. நாடு உடனே வரிசையில் நின்றது. செல்லாது என்றால் ஒரே ராத்திரியில் கேட்டுக்கொள்கிற ஊர், செல்லும் என்றால் மட்டும் காது கேளாத ஊராகிவிடுகிறது. பிடுங்குகிற உத்தரவுக்கு நாம் அவ்வளவு பழகிப்போயிருக்கிறோம்.

ஆடி மாதத்தில் வேப்பிலையோடு குழாய் ஒலிபெருக்கியும் கட்டுகிறார்கள். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வாயைத் திறக்கக் கூடாது. விடிகாலை நாலரைக்கு எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி தாளம் போடும்போது விழா நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். கீழே கொட்டை எழுத்தில்: ‘இவண், ஊர்ப் பொதுமக்கள்.’ அதில் நானும் சேர்த்தி. ஆக, என் தூக்கத்தை என்னை வைத்தே கெடுக்கிறார்கள். யாரிடம் போய்ப் புகார் செய்ய? என் மேலேயா?

நடைபாதை விஷயத்தில் இந்த மாநகரம் இந்தியாவுக்கே முன்னோடி. 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிக் கொள்கை வகுத்தது சென்னை. 2018-க்குள் குறைந்தது 80 சதவீதத் தெருக்களில் பாதுகாப்பான நடைபாதை, நடப்பவர் சாவே இல்லாத சாலை என்பதெல்லாம் அதில் எழுதிய இலக்கு. நான் பிறந்ததிலிருந்து மீதி 20 சதவீதத்திலேயே நடந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. இருக்கிற நடைபாதையிலும் மின்மாற்றி நிற்கிறது, பைக் நிற்கிறது, ஆக்கிரமிப்பை அகற்றும்படி எச்சரிக்கும் பலகையும் நடுப்பாதையிலேயே நிற்கிறது. நடக்கிறவன் சாலையில் இறங்கினால் பின்னால் ஹார்ன். “யோவ், ஓரமா போ.” ஓரம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். சிரித்துக்கொண்டே எழுதலாம். சிரிப்பு நின்றுபோன இடம் ஒன்று உண்டு.

என் அம்மாவுக்கு 81 வயது. ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். “ரேகை விழலை.” துடைத்துவிட்டு வைத்தாள். விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை. பின்னால் வரிசை நெளிந்தது. ஒருத்தர் ‘உச்’ கொட்டினார். எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னார் ஒருத்தர், தலைமுடியில் தேய்க்கச் சொன்னார் இன்னொருத்தர். கடைசியில் மெஷினைப் பிடித்திருந்த பையன் பரிவோடுதான் சொன்னான்: “பாட்டிக்கு ரேகை தேஞ்சுபோச்சு சார்.” தேய்ந்துபோச்சாம். தானாக. அறுபது வருஷம் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துக் கூட்டுக் குடும்பத்துப் பாத்திரம் துலக்கிய கை அது. துவைக்கிற கல்லில் போட்டு ஒன்பது பேர் துணியைக் கும்மிய கை. தேய்த்தது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு குடும்பமே எழுந்து நிற்க வேண்டும், நான் உள்பட. ஆனால் மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இவள் இவள் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏதோ திருட்டுப்போன மாதிரி. “என் மேலதான்டா தப்பு” என்றாள் ஆட்டோவில்.

அந்த வாக்கியத்தை நான் திருத்தவே மாட்டேன். அதுதான் இந்த ஊரின் இலக்கணம் முழுவதும். குற்றம் என்று ஒன்று எழுந்தால் அதற்கு எழுவாய் குடிமகன். இரண்டாம் மாதத்து மழையில், பூ விற்கிற அம்மா ஒருவர் எங்கள் பள்ளத்தில் விழுந்தார். கணுக்கால் முறிந்தது. கூடைப் பூவெல்லாம் சேற்றில் மிதந்தது. தூக்கி விட்டவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “பார்த்து வரக் கூடாதாம்மா?” பள்ளம் தோண்டியவனைத் தெரியாது, மூடாமல் போனவனைத் தெரியாது, விளக்கு போடாதவனைத் தெரியாது. பார்க்காமல் வந்தவளை மட்டும் உடனே தெரிந்துவிட்டது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரையையும் காணோம், குழி பறித்தவனையும் காணோம். விழுந்தவள் மட்டும் குற்றவாளிக்கூண்டில் நிற்கிறாள்.

இதற்கு நேர்மாறான வாக்கியமும் ஊரில் உண்டு. நாலு தூண், ஒரு தகரக் கூரை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற பேருந்து நிழற்குடை. அதன் நெற்றியில் நிழற்குடையைவிடப் பெரிய பெயர்ப் பலகை. யார் தொகுதி நிதியில், யார் தலைமையில், யார் முன்னிலையில், யார் பொற்கரத்தால் என்று எழுவாய் எழுவாயாக வரிசை கட்டி நிற்கும். ‘திறந்து வைத்தார்’ என்கிற பயனிலை கடைசியில் மூச்சு முட்டிக்கொண்டு வரும். பள்ளம் மூடாததற்கு யார் என்று இதே பலகையில் பொறித்து வைத்தால் என்ன? பொறிக்க மாட்டார்கள். நல்லது நடந்தால் ‘வைத்தார்’. கெட்டது நடந்தால் ‘நடந்துவிட்டது’. நம்மைக் குறித்து வந்தால் ‘பண்ணல’. இடையில் எங்கே இடித்தாலும் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’. அது ஏவல் வினை. அதில் தோன்றாமல் நிற்கும் எழுவாய் நீங்களும் நானும்தான்.

பொறுக்காமல் ஒரு மனு எழுதினேன். மனு கொடுக்க வேண்டுமானால் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், கைப்பேசி எண், ஆதார் எண் எல்லாம் வேண்டும். கேள்வி கேட்பவனின் எழுவாய்க்கு ஓர் இம்மி குறையக் கூடாது. பதில் வந்தது. ‘தங்கள் மனு பெறப்பட்டது. உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்படும். மனு முடித்து வைக்கப்பட்டது.’ நாலு வாக்கியம், நாலும் செயப்பாட்டு வினை. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்றால் ‘ஆல்’ வரும் என்று படித்தோம். கண்ணனால், வளவனால், யாராலாவது. இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு ‘ஆல்’கூட இல்லை. அதற்குப் பதில் ‘படு’ மட்டும் நாலு இருந்தது. வினையை அவர்கள் வைத்துக்கொண்டு, ‘படு’வை எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கீழே ஒரு கிறுக்கல், ‘அலுவலருக்காக’ என்ற முத்திரை. கிறுக்கியவர் வேறு யாருக்கோ ஆக.

இந்த இடத்தில் நான் யோக்கியன் என்று முடித்துக்கொள்ளலாம். முடியவில்லை. அனுப்பிய மனுவின் நகலை எடுத்து வைத்துப் படித்தேன். தொழில் பழக்கம். மூன்றாவது பத்தியில் நானே எழுதியிருக்கிறேன்: ‘மேற்படி பள்ளத்தில் குப்பை கொட்டப்படுகிறது.’ கொட்டப்படுகிறது. யாரால்? அந்தக் குப்பையில் இரண்டு பை எங்கள் வீட்டுடையது. வண்டி வராத இரண்டு நாளில், இருட்டில், நானேதான் போட்டேன்.

இன்னொன்று. 2019 ஜூனில் இந்த ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் காய்ந்து வெடித்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியவன் நான். போன வாரம் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி முக்கால் மணி நேரம் தெருவில் வழிந்தது. “மோட்டாரை ஏன் நிறுத்தல?” என்றாள் மனைவி. “மறந்துபோச்சு” என்றேன். மறந்தேன் என்று வாய் வரவில்லை. மறதி என்கிற ஒன்று எங்கிருந்தோ வந்து, காரியத்தை முடித்துவிட்டு, தானே போய்விட்டது. நான் பக்கத்தில் சும்மா நின்றிருந்தேன், அவ்வளவுதான். கண்ணாடி டம்ளர் கை தவறிடுச்சு, கரன்ட் பில் கட்டாம விட்டுப்போச்சு, பேச்சுவாக்கில் வார்த்தை வந்துடுச்சு. அலுவலகக் கடிதத்தை நான் என்ன குறை சொல்வது? அதே பள்ளிக்கூடம்தான்.

இதைச் சொன்னதும் டீக்கடையில் ஒருவர் உற்சாகமாகிவிட்டார். “அதான் சார்! நாமதான் சரியில்ல. நாம மாறணும். மக்கள் திருந்தினா எல்லாம் திருந்தும்.” எனக்கு அங்கேதான் ரத்தம் கொதித்தது. பாருங்கள், மறுபடியும் ‘நாம்’. எல்லாரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. கடலில் பெருங்காயம் கரைத்த கதை. என் இரண்டு பைக் குப்பைக்கு என்ன அபராதமோ நான் கட்டுகிறேன். வழிந்த தண்ணீருக்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. பள்ளத்துக்கு யார் கட்டுவது? டெண்டர் எடுத்தவர், பில் பாஸ் பண்ணியவர், பார்வையிட்டதாகக் கையெழுத்துப் போட்டவர் என்று காகிதத்தில் பெயர்கள் இல்லாமலா பணம் கைமாறியது? பணம் வாங்கும் ரசீதில் தோன்றிய எழுவாய், பள்ளத்தில் ஏன் தோன்றவில்லை? மோட்டாரை நிறுத்தாதவனையும் சாலையை வெட்டிப்போட்டுப் போனவனையும் ஒரே ‘நாமு’க்குள் கட்டிப் போடுவது தத்துவம் இல்லை. தடயத்தை அழிப்பது.

ஆள் சாகும்போதும் இதே இலக்கணம்தான். அதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது.

ஃபிளெக்ஸ் பேனர் என்பது தமிழில் மிக விசித்திரமான வாக்கியம். அதில் எழுவாய் மட்டும்தான் இருக்கும். தலைவர் முகம், மகன் முகம், வட்டம், மாவட்டம், கீழே தபால்தலை அளவில் முப்பது முகம், முப்பது பெயர், முப்பது பதவி. பயனிலையே கிடையாது. யாரும் எதுவும் செய்ததாக இருக்காது. இருக்கிறோம் என்பதுதான் சேதி. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இலேயே இங்கே சட்டம் உண்டு. பேனர் அந்தச் சட்டத்தின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

2017 நவம்பர். கோவை அவிநாசி சாலை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை அடைத்து அலங்கார வளைவு கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்து ஊருக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் அங்கே பைக்கில் போனபோது செத்துப்போனார். வளைவா காரணம், லாரியா காரணம் என்று வாக்குவாதம் ஓடியது. மரக்கட்டையும் லாரியும் எழுவாய் பதவிக்குப் போட்டியிட்டன. கட்டையை நட்டவர் போட்டியிலேயே இல்லை. அந்தச் சாலையின் தாரில் யாரோ பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், அந்தப் பையனைக் கொன்றது யார் என்று எழுதி வைத்தார்கள். எழுவாயைக் கேட்கும் கேள்வி. என் 31 வருஷத்தில் அதைவிடச் சரியான திருத்தக் குறியை நான் பார்த்ததில்லை.

2019 செப்டம்பர் 12. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை. எங்கள் தெருவிலிருந்து பக்கம்தான். ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுமதியில்லாமல் நடுத்திட்டில் வரிசையாகக் கட்டிய பேனர்களில் ஒன்று, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் நின்றவரைக்கும் அதில் எழுவாய்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தன. விழுந்த நொடியில் ஒன்றையும் காணோம். ‘பேனர் விழுந்து இளம்பெண் பலி’ என்றது செய்தி. விழுந்ததாம். கட்டியவன் இல்லை, கட்டச் சொன்னவன் இல்லை, பார்த்துக்கொண்டு போன அதிகாரி இல்லை. அப்போதைய ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு படி மேலே போனார். வழக்குப் போடுவதாக இருந்தால் காற்றின் மேல்தான் போட வேண்டும் என்கிற பொருளில் பேசினார். காற்று! எழுவாய் கிடைத்துவிட்டது. அதற்குக் கதவு எண் இல்லை, ஆதார் இல்லை, சம்மன் அனுப்பினால் வாங்காது. அடுத்த மாதமே மாமல்லபுரத்தில் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். அதற்கு வரவேற்பு பேனர் வைத்துக்கொள்ள மாநில அரசு உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டது. கிடைத்தது. அக்டோபரில் காற்று அடிக்காது என்று நம்பினார்களோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை இரவு, இதையெல்லாம் யோசித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்தவன், எழுந்து சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். ‘வருந்துகிறோம்’ என்பதற்குப் பக்கத்தில், புரூஃப் தாளின் ஓரத்தில் ஐயம் எழுதுவது மாதிரி, ஒரே ஒரு சொல் எழுதினேன்: ‘யார்?’

ஏழு மாதமாக ஈ காக்கை எட்டிப் பார்க்காத தெருவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் நோட்டு. பள்ளத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். “இதை எழுதினது யாரு?” என்றார் நோட்டுக்காரர், சத்தமாக. இஸ்திரி போடுபவர் துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மளிகைக் கடைக்காரர் தராசைத் துடைத்தார். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் வீட்டுப் பக்கம் திரும்பின.

நான் கதவைத் திறக்கும்போது மனைவி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். “எழுதியிருந்துச்சு, யாருன்னு தெரியலன்னு சொல்லிடுங்க.”

வெளியே வந்தேன். “நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டேன்.

“மேலேர்ந்து சொன்னாங்க சார். இதை யாரு எழுதினதுன்னு தெரியுமா?”

“நான்தான் எழுதினேன்.”

அவர் ஒரு கணம் திகைத்துப்போனார். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் தம் உத்தியோகத்தில் கேட்டதே இல்லை போலிருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பிறகு, “படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்” என்று முனகிக்கொண்டே நோட்டைத் திறந்து பேனாவை உதறினார்.

“பேரு? இனிஷியல்? கதவு நம்பர்?”

சொன்னேன். நிறுத்தி நிதானமாக, பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளத்தின் கணக்கில் ஏறிய முதல் பெயர் என்னுடையது.